குனிந்தால் வலியா, நிமிர்ந்தால் வலியா? முதுகுவலியை அறிகுறி வைத்துப் பிரித்தறிவது

கம்பம் பள்ளத்தாக்கில் முதுகுவலி இரண்டு திசையிலிருந்து வருகிறது. விடியும் முன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். ஏலச்செடி உச்சியில் காய்ப்பதில்லை. தூரை ஒட்டித் தரையோடு ஓடும் சரத்தில்தான் காய்க்கிறது. குனியாமல், குத்தவைக்காமல் காய் எடுக்க முடியாது. கீழே சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் நிற்பவர்களுக்கு நேர்மாறு. பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கவாத்தானாலும் குலை வெட்டானாலும் அண்ணாந்து, கையைத் தூக்கி, முதுகைப் பின்னால் வளைத்தபடி நிற்க வேண்டும்.

இரண்டு பேரும் மெடிக்கலில் போய்ச் சொல்வது ஒன்றுதான்: "இடுப்பு வலிக்குதுண்ணே, ஒரு செட் மாத்திரை குடுங்க." இரண்டு பேருக்கும் கிடைப்பதும் ஒரே செட்.

நான் பிசியோதெரபிஸ்ட். இந்தப் பகுதி ஆட்களின் முதுகைப் பார்ப்பதுதான் என் வேலை. மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. எந்த அசைவில் வலி கூடுகிறது? வலி அங்கேயே நிற்கிறதா, வேறு எங்காவது ஓடுகிறதா? படுத்து ஓய்ந்தால் குறைகிறதா, கூடுகிறதா? முதுகுவலியோடு வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்ட எதுவும் இருக்காது. தசையும் தசைநாரும் மூட்டும் சேர்ந்து முறுக்கிக்கொண்ட வலி அது. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரத்தில் நன்றாகத் தணிந்துவிடும். மிச்சமுள்ள அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இவ்வளவு கவனமும்.

முதலில் இதைப் பாருங்கள்: அன்றைக்கே ஆஸ்பத்திரி

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற பகுதிகளைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், கிளம்புங்கள்.

இடுப்புவலியோடு சேர்ந்து சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, அல்லது தெரியாமலே கசிவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உள்பக்கம், அதாவது சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படும் இடம் மரத்துப்போவது. இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலமிழப்பது. முதுகெலும்பின் அடிப்பகுதியில் நரம்புகள் ஒரு கொத்தாகத் தொங்குகின்றன. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பெரிதாகப் பிதுங்கி அந்தக் கொத்தையே நெரித்தால் இப்படி ஆகும். சிறுநீர்ப்பையையும் காலையும் காப்பாற்ற வேண்டுமானால் ஒன்றிரண்டு நாளுக்குள், முடிந்தவரை சில மணி நேரத்துக்குள், அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். தள்ளிப்போட்டால் போன உணர்வு திரும்பாமலே போகலாம்.

தோட்டத்துக்குப் போகும் பெண்களிடம் இந்த அறிகுறி எளிதாகத் தப்பிவிடுகிறது. மலையில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை இருந்து பழகியிருக்கிறார்கள். "காலையிலிருந்து போகலை" என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. வித்தியாசத்தை இப்படிப் பாருங்கள்: அடக்கி வைத்திருப்பவருக்கு முட்டும், அவசரம் இருக்கும். நரம்பு நெரிபட்டவருக்கு அடிவயிறு வீங்கினாற்போல நிறைந்திருந்தும் முட்டுகிற உணர்வே மங்கிப்போயிருக்கும். உட்கார்ந்தாலும் வராது, கழுவும்போது தண்ணீர் பட்டது சரியாகத் தெரியாது. வீட்டில் யாருக்காவது முதுகுவலி கடுமையாக இருந்தால் கூச்சப்படாமல் இதைக் கேளுங்கள். அம்மாவிடம் மகள் கேட்கலாம், மாமியாரிடம் மருமகள் கேட்கலாம்.

இன்னும் சில உண்டு. மரத்திலிருந்தோ ஜீப்பிலிருந்தோ விழுந்த பிறகு முதுகுவலி. வலியோடு குளிர்காய்ச்சல். பாதம் தொங்கிப்போவது. ஏற்கெனவே மார்பகம், புரோஸ்டேட் போன்ற இடத்தில் புற்றுநோய் வந்து குணமானவருக்குப் புதிதாக முதுகுவலி. படுத்தாலும் விடாமல் இரவெல்லாம் குடைந்து, உடம்பும் இளைத்துக்கொண்டு வருவது. 60 வயது தாண்டியவருக்கு, குறிப்பாக புகைப்பவருக்கு, வயிற்றிலிருந்து முதுகுக்குக் கிழிப்பதுபோல திடீரென்று பாய்கிற வலி.

108 இரண்டு மாநிலத்திலும் வரும். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் தண்டுவட அறுவை செய்பவரும் இருக்கிற இடத்துக்கே போகப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அங்கிருந்து தேவைப்பட்டால் மதுரை. மலைக்கு அந்தப் பக்கம் என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரி.

"சாக்கைத் தூக்கினேன், அப்படியே பிடிச்சுக்கிச்சு"

தூக்கும்போதோ திரும்பும்போதோ தும்மும்போதோ சுள்ளென்று பிடித்து, நிமிர முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது. வலி இடுப்பிலும், அதிகம் போனால் புட்டத்திலும் நிற்கும். முழங்காலுக்குக் கீழே இறங்காது. மரத்துப்போதல் கிடையாது. அசைந்தால் வலி, ஏதோ ஒரு பக்கமாகப் படுத்தால் சுகம். இது பிடிப்பு. பயமுறுத்துகிற வலி, ஆனால் ஆபத்தில்லாத வலி.

ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் படுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மல்லாக்கப் படுப்பது பலருக்கு இதமாக இருக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அப்புறம் எழுந்து வீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். படுத்தே கிடந்தால் தசை இறுகி வலி நீளும். சுமை தூக்குவதையும் ஜீப் பயணத்தையும் மட்டும் ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

காலில் பிறந்தவரை அழைத்து முதுகில் மிதிக்கச் சொல்கிற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தசைப் பிடிப்புக்கு அது ஒன்றும் செய்யாது. உள்ளே பிதுங்கிய ஜவ்வோ நொறுங்கும் நிலையில் இருக்கிற எலும்போ இருந்தால் அந்த ஒரு மிதியில் நிலைமை மாறிவிடும். சுளுக்கு வழிப்பதும், மலைக்கு அந்தப் பக்கம் போய்க் கிழி வைத்து உழிச்சில் (எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது) செய்வதும் சாதாரணப் பிடிப்புக்கு இதமாகத்தான் இருக்கும். அதை நான் தடுப்பதில்லை. காய்ச்சல், மரத்துப்போதல், காலில் பலக்குறைவு, வயதானவருக்குத் திடீர் வலி, இந்த நான்கில் எது இருந்தாலும் முதுகில் கை வைக்க விடாதீர்கள்.

வலி காலுக்கு இறங்குகிறது

ஏலத்தோட்ட முதுகுக்கு இதுதான் அதிகம் வருவது. முன்னால் குனியும்போது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வின் முன்பகுதி அழுந்தி, உள்ளே இருக்கும் கூழ் பின்னால் தள்ளப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் ஒரு நாள் பின்பக்க உறை கிழிந்து, கூழ் பிதுங்கி, பக்கத்தில் ஓடும் நரம்பைத் தொடும். இடுப்பில் இருக்கும் ஐந்து எலும்புகளில் நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் இடையிலும், ஐந்தாவதற்கும் அதன் கீழே இருக்கும் திரிகத்துக்கும் இடையிலும்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது? இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகம் இருக்கும். ஒரு காலில்தான் இருக்கும். புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ முழங்காலைத் தாண்டி, பாதம் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஓடும். இருமினால், தும்மினால், முக்கினால் சுரீரென்று கூடும். குனிந்தாலும், உட்கார்ந்தாலும், ஜீப் குலுங்கினாலும் அதிகம். நின்றால், நடந்தால், படுத்தால் கொஞ்சம் தேவலாம்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். மல்லாக்கப் படுங்கள். இன்னொருவர் உங்கள் குதிகாலைப் பிடித்து, முழங்கால் மடங்காமல் மெதுவாகக் காலைத் தூக்கட்டும். 30 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே அதே மின்சார வலி பாய்ந்தால் நரம்பு தொடப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தொடையின் பின்னால் இழுக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, அது எல்லோருக்கும் இழுக்கும்.

எந்த நரம்பு என்பதையும் ஓரளவுக்குச் சொல்லலாம். பாதத்தின் மேல்பகுதியும் பெருவிரலும் மரத்து, குதிகாலில் நடக்கச் சொன்னால் முன்பாதம் தூக்க வரவில்லை என்றால் ஐந்தாவது இடுப்பு நரம்பு. சுண்டுவிரல் பக்கமும் உள்ளங்காலும் மரத்து, அந்த ஒற்றைக் காலில் நின்று நுனிக்காலில் எம்ப முடியவில்லை என்றால் அதற்குக் கீழே இருக்கும் நரம்பு. நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்று கழன்று விழுகிறது என்று சிலர் சொல்வார்கள். செருப்பு பழசாகிவிட்டது என்று புதுச்செருப்பு வாங்காதீர்கள். அது பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்துவிட்டதற்கான அடையாளம், அந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டியது. பாதம் தொங்கியே போய்விட்டால் அன்றைக்கே.

வலி மட்டும்தான், பலம் குறையவில்லை என்றால் பொறுத்திருக்கலாம். பிதுங்கிய ஜவ்வை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்கள் 6 முதல் 12 வாரத்தில் அறுவை இல்லாமல் தேறிவிடுகிறார்கள். அதுவரை மருத்துவர் தருகிற மருந்து, நடை, பயிற்சி. பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ, அத்தனை வாரம் ஆகியும் தாங்க முடியாத கால்வலி நின்றாலோ அறுவை பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

ஸ்கேன் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாத ஆட்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. 20 வயதில் இருப்பவர்களில் 37 சதவீதம் பேருக்கே ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். ஜவ்வு புடைத்திருப்பது 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் முதுகுவலி கிடையாது. ஆகவே ரிப்போர்ட்டில் "டிஸ்க் புடைப்பு" என்று எழுதியிருப்பதைப் பார்த்து இனி வேலைக்கே போக முடியாது என்று அழ வேண்டாம். படத்தில் உள்ள இடமும் உங்கள் காலில் வலி ஓடுகிற பாதையும் பொருந்தினால்தான் அதற்கு அர்த்தம்.

அண்ணாந்தால், நிமிர்ந்து நின்றால் வலி

பந்தல் முதுகு இது. முதுகெலும்புகள் பின்பக்கத்தில் சின்னச் சின்ன மூட்டுகளால் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருக்கின்றன. பின்னால் வளையும்போது அந்த மூட்டுகள்தான் உரசுகின்றன. நிமிர்ந்து வெகுநேரம் நின்றால், பின்னால் சாய்ந்தால், ஒரு பக்கமாகத் திரும்பினால் வலிக்கும். குனிந்து உட்கார்ந்தால் விட்டுவிடும். புட்டம், தொடை வரை மந்தமாகப் பரவலாம், முழங்காலைத் தாண்டுவது அபூர்வம். வரிசைக்கு வரிசை ஒரு நிமிஷம் குத்தவைத்து முதுகை முன்னால் வளைத்துக்கொள்வதும், எட்டாத குலைக்கு எம்பாமல் ஒரு சின்ன முக்காலி போட்டு ஏறிக்கொள்வதும் நல்ல பலன் தரும்.

இதே மாதிரி பின்னால் வளைந்தால் வலி என்று பதினைந்து, பதினாறு வயதுப் பையன் சொன்னால், அவன் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவனா என்று கேளுங்கள். வளரும் வயதில் திரும்பத் திரும்ப முதுகை வளைத்து வீசினால் எலும்பின் பின்பகுதியில் கீறல் விழும். சில மாதம் பந்து வீசாமல் இருந்தால் ஆறக்கூடியது.

கொஞ்ச தூரம் நடந்தால் கால் கனக்கிறது

60 வயதுக்கு மேல் வருவது. நூறு, இருநூறு அடி நடந்ததும் இரண்டு காலும் கனத்து, மரத்து, உட்கார்ந்தே ஆக வேண்டும். தண்டுவடக் குழாய் வயதாக ஆகக் குறுகி நரம்புகளை நெருக்குகிறது. குனிந்தால் குழாய் சற்று விரியும், நிமிர்ந்தால் சுருங்கும். அதனால் இவர்கள் தள்ளுவண்டியைப் பிடித்துக் குனிந்து தள்ளினால் நெடுந்தூரம் போவார்கள். சைக்கிள் மிதித்தால் வலி தெரியாது. மலைப்பகுதியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: ஏற்றத்தில் கஷ்டமா, இறக்கத்தில் கஷ்டமா? ஏறும்போது உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் சாய்கிறது. "ஏறிடுவேன் தாயி, இறங்கத்தான் முடியலை" என்று ஒரு பெரியவர் சொன்னால் தண்டுவடக் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஏற்றத்தில்தான் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது, உட்காரக்கூட வேண்டாம், சும்மா நின்றாலே ஒன்றிரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுகிறது, பாதம் சில்லென்றிருக்கிறது, பீடிப் பழக்கம் உண்டு என்றால் அது முதுகே இல்லை. காலுக்கு இரத்தம் போகிற குழாய் அடைபடுகிறது. வேறு மருத்துவர், வேறு வைத்தியம், பீடியை அன்றே நிறுத்த வேண்டும். இன்னொன்று: நடந்தாலும் படுத்தாலும் ஒரே மாதிரி இரண்டு உள்ளங்காலும் எரிந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள்.

காலையில் விறைப்பு, வேலை செய்தால் சுகம்

இருபது, முப்பது வயதுக்காரர். அடி, சுமை எதுவும் இல்லாமல் மெல்லத் தொடங்கி மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புவலி. விடியற்காலம் மூன்று, நாலு மணிக்கு வலியில் விழிப்பு வந்துவிடும். எழுந்தால் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு பலகை மாதிரி விறைத்திருக்கும், நடமாட நடமாட இளகும். ஓய்வெடுத்தால் கூடும். புட்டத்தில் வலி ஒருநாள் இடதுபக்கம், ஒருநாள் வலதுபக்கம் என்று மாறும். சிலருக்கு அவ்வப்போது ஒரு கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசும்.

மற்ற முதுகுவலிகளுக்கு நேர் எதிரான நடத்தை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முதுகெலும்பு மூட்டுகளைத் தாக்குகிற நோய். கவனிக்காமல் விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் முதுகு கூன் விழுந்து நிலைத்துவிடும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும், அதனால் "ஒண்ணுமில்லை, வாயுப் பிடிப்பு" என்று பல வருஷம் ஓடிவிடுகிறது. இந்த அடையாளங்கள் இருந்தால் வாத மூட்டு நோய் மருத்துவரைக் கேட்டுப் போங்கள். நல்ல மருந்துகள் இருக்கின்றன, தினசரிப் பயிற்சி வாழ்நாள் முழுக்கத் தேவை.

நடுமுதுகில் வலி, சாயங்காலக் காய்ச்சல்

வேலையால் வரும் வலி பெரும்பாலும் இடுப்பிலோ கழுத்திலோ வரும். நடுமுதுகில், ஒரே எலும்பின் மேல், விரலால் தொட்டால் துள்ளுகிற மாதிரி வலித்தால் நிதானியுங்கள். சாயங்காலமானால் உடம்பு கதகதப்பு, இரவில் வியர்வை, பசியில்லை, பாவாடை நாடா தளர்கிறது, வாரக்கணக்கில் வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். இருமலே இல்லாமலும் இது வரும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். குழந்தைகளுக்கு வந்தால் கீழே கிடக்கும் பொருளைக் குனிந்து எடுக்காது. முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கிக் குத்தவைத்துத்தான் எடுக்கும்.

பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1779-இல் இதை விவரித்து எழுதினார். அன்று மருந்து கிடையாது. எலும்பு உதிர்ந்து, முதுகில் முண்டு விழுந்து, கால்கள் செயலிழந்து போவார்கள். இன்று மருந்து இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நுரையீரல் காசநோயைப் போல ஆறு மாதத்தில் முடியாது, பொதுவாக 12 மாதம், தேவைப்பட்டால் அதற்கு மேலும் சாப்பிட வேண்டும். வலி இரண்டாம் மாதமே குறைந்துவிடும், அப்போது நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மத்திய அரசு வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. 2024 நவம்பர் முதல் அது மாதம் 1,000 ரூபாய். எல்லை ஊர்க்காரர்களுக்கு முக்கியமானது: பதிவு நாடு முழுக்க ஒரே கணினித் திட்டத்தில் இருக்கிறது. கம்பத்தில் மருந்து தொடங்கிவிட்டு வேலைக்காக நெடுங்கண்டத்தில் தங்க நேர்ந்தாலும் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மருந்து விட்டுப்போக அது காரணமாக வேண்டியதில்லை.

ஜீப் குலுங்கியது, அன்றிலிருந்து எழ முடியவில்லை

மாதவிடாய் நின்று பல வருஷமான பெண்கள். ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எகிறியது, அல்லது ஒரு குடம் தண்ணீர் தூக்கினார்கள், அவ்வளவுதான். முதுகின் கீழ்ப்பாதியில் சடக்கென்று ஒரு வலி. எழுந்து நின்றால் தாங்கவில்லை, படுத்தால் குறைகிறது, இரண்டு விலாவுக்கும் பெல்ட் போட்டது மாதிரி சுற்றி வருகிறது. பிடிப்பு என்று நினைத்து வழித்துவிடுவார்கள். ஆனால் உள்ளே எலும்பு அமுங்கி உடைந்திருக்கிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்து குறைந்துபோனவர்களுக்கு முறிவு வர விழ வேண்டியதில்லை, ஒரு குலுக்கல் போதும். உயரம் குறைந்துகொண்டே வருவதும் மேல்முதுகு வளைவதும் முன்பே இப்படி ஓரிரண்டு உடைந்திருப்பதன் அடையாளம். எக்ஸ்ரே எடுங்கள்.

வண்டியில் குலுக்கல் மிக அதிகமாக இருக்கும் இடம் பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பெஞ்சுதான். வயதான அக்காமாரை அங்கேதான் ஏற்றிவிடுகிறார்கள். டிரைவர் தம்பிகள், கங்காணிமார் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: 50 வயதுக்கு மேற்பட்டவர்களை நடு சீட்டில் உட்கார வையுங்கள், போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளிலும் தோட்டத்து மண் பாதையிலும் வேகத்தைக் குறையுங்கள்.

இங்கேதான் அந்த செட் மாத்திரைக்கு வருகிறேன். சீட்டில்லாமல் உடம்பு வலிக்குப் பொட்டலமாகக் கட்டித் தரும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். பெயர் தெரியாத சில சூரணங்களிலும் கலந்திருக்கலாம். சாப்பிட்ட அன்றே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், முகம் பூரிக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் எலும்பு பொடிந்துபோகும், சர்க்கரை ஏறும். வலி மாத்திரைகள் வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும். தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். ஏற்கெனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்தவும் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் மயக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மிச்சமிருக்கிற பொட்டலத்தை மருத்துவரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

முதுகில் வலி, கோளாறு வேறிடத்தில்

எப்படித் திரும்பினாலும் ஒரே மாதிரி வலிக்கிறது, அசைவுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்றால் முதுகைத் தாண்டி யோசியுங்கள்.

விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் அலை அலையாக வந்து, முன்பக்கமாகத் தொடை இடுக்குக்கு இறங்கி, வாந்தியோடு, ஓரிடத்தில் படுக்க முடியாமல் உருள வைக்கிற வலி சிறுநீரகக் கல். பிடிப்பு வந்தவர் அசையாமல் கிடப்பார், கல் வலிக்காரர் அசையாமல் இருக்கவே மாட்டார். குளிர்காய்ச்சலும் நீர்க்கடுப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்தில் கிருமித் தொற்று. மேல்வயிற்றில் தொடங்கி நேராக முதுகுக்கு ஊடுருவி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிவது, அதிலும் குடிப்பழக்கம் உள்ளவருக்கு என்றால், கணையம். தோள்பட்டைகளுக்கு நடுவில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்கல் என்றால் இதயம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி இல்லாமலே இப்படி வரலாம். அடியிறக்கம் (கர்ப்பப்பை கீழே இறங்குவது) உள்ளவர்களுக்கு இடுப்பு இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், சாயங்காலம் கூடும், படுத்தால் குறையும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பல வருஷம் இடுப்புவலிக்கு மட்டும் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண் மருத்துவரிடமாவது சொல்லுங்கள்.

முதுகின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போட்டாற்போல, தொட்டாலே எரிகிறது, சேலை உரசினாலே தாங்கவில்லை. இரண்டு, மூன்று நாளில் அதே இடத்தில் நீர்க்கொப்புளம். இது அக்கி. காவி குழைத்து எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். வயதானவர்களுக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் நிற்கும்.

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசியால்தான் இத்தனை வருஷமாக இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாத தாய்மார் குறைவு. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. ஆண்டுக்கணக்கான வலிக்கும் அந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் தளர்ந்த இடுப்பு மூட்டுகள், விரிந்து பலமிழந்த வயிற்றுத் தசை, குழந்தையைக் குனிந்து தூக்குவது, தூக்கமின்மை இவைதான் காரணம். இதைச் சொல்வது யாரையும் மறுப்பதற்காக இல்லை. ஊசிதான் காரணம் என்று நம்பினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தசைதான் காரணம் என்றால் பயிற்சியால் சரிசெய்யலாம்.

மாதக்கணக்கில் நிற்கிற வலி

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை, ஆனாலும் மூன்று மாதத்துக்கு மேல் வலிக்கிறது. இப்படித்தான் நிறையப் பேர் இருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் இந்த நாள்பட்ட இடுப்புவலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் கொடுங்கள், இடுப்பு பெல்ட்டும் எடை கட்டி இழுக்கிற டிராக்‌ஷனும் வழக்கமாகக் கொடுக்காதீர்கள் என்கிறது அது. என் தொழிலில் பெல்ட்டும் டிராக்‌ஷனும் காலங்காலமாகப் புழங்குபவை. கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் சரி. பயிற்சியில் எதற்கு எது என்று மாற்றிப் போட்டுவிடக் கூடாது. குனிந்தால் வலிப்பவர் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மேலுடம்பைத் தூக்கலாம். அண்ணாந்தால் வலிப்பவர் மல்லாக்கப் படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைக்கலாம். எதைச் செய்யும்போது வலி காலிலிருந்து இடுப்பை நோக்கி மேலே ஏறிச் சுருங்குகிறதோ அது உங்களுக்கானது. காலை நோக்கி இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள், சாப்பிடுகிற மாத்திரையின் அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். இங்கே எடுத்த படம் அங்கேயும் செல்லும், மறுபடி செலவு செய்ய வேண்டாம். இடுக்கிப் பக்கம் பார்க்க நேர்ந்தால் இடுப்புவலிக்கு "நடுவேதன", மரத்துப்போவதற்கு "மரவிப்பு" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். வலி எந்த அசைவில் கூடுகிறது, எங்கே ஓடுகிறது, படுத்தால் என்ன ஆகிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். சிறுநீர் சரியாகப் போகிறதா என்பதையும் சேர்த்து.